துண்டு விழுந்த பிறகு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் பெரிய மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இந்தத் தாளை எடுத்தேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனாவை வைத்தேன், முழுசாக எழுத வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எடுத்துக்கொள். உன் அப்பாவின் தோள்பட்டை இறங்கிவிட்டதை டாக்டர் ஏற்றிக் கட்டியிருக்கிறார், இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார், சட்டை முழுக்கச் சாப்பாடு. தம்பியின் தாடையைக் கம்பி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உறிஞ்சுகுழலில் போவதுதான் அவனுக்கு ஆகாரம். ஏற்கெனவே நெட்டையன், இன்னும் இளைத்தால் அவனையே தூண்டில் கம்பாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்ல, சிரிக்க வைக்காதீங்க என்று அவன் கையெடுத்துக் கும்பிடுகிறான். வீட்டில் சிரிப்பு இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவள் நம் வாலு. முதலில் உன் தங்கைக்கு வெந்நீர் போட்டுக் கொடு, சாப்பிட வை, தூங்க வை. அதற்குப் பிறகு இதைப் படி. ஏரிக்கரையில் தம்பி பாறையில் வழுக்கி விழுந்தான் என்று அப்பா உனக்குப் போனில் சொன்னது உண்மையில்லை. சின்ன மாப்பிள்ளையின் மானம் போகக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து சொன்ன பேச்சு அது. வாலு இனி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. போய்விடுவாளோ என்பதுதான் எங்கள் பயம், அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் அழுவேன், நீ பதறுவாய், பாதி விட்டுப்போகும். பாடம் எடுப்பதுபோல் முதலிலிருந்து வருகிறேன், பொறுமையாகப் படி.

வழக்கமான ஏரிக்குத்தான் இந்த வருடமும் போனோம். தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, முதுகுப்பைகளையும் காற்றடைக்கும் படகையும் துடுப்புகளையும் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து, தண்ணீரின்மேல் சாய்ந்து நிற்கும் அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்தோம். சின்ன மாப்பிள்ளை எங்களோடு வந்தது இதுதான் முதல் தடவை. மூக்குக் கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று ஒவ்வொரு வருடமும் தட்டிக்கழித்தவர், இந்தத் தடவை தானாகவே வருகிறேன் என்றார். அப்பாவுக்குப் படகைத் தள்ளிக் கொடுத்தார், என் பையையும் சேர்த்துச் சுமந்தார், பேச்சு அவ்வளவு பதவிசு. வாலுதான் வாலாக இல்லை. மரத்தைக் கண்டால் ஏறுகிறவள், தண்ணீரைக் கண்டால் குதிக்கிறவள், அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள். பரவாயில்லையே, வாலை யாரோ சுருட்டிக் கட்டிட்டாங்களே என்று அப்பா கேலி செய்தார். அவள் சிரித்தாள், ஆனால் சிரிப்பதற்கு முன் மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

முதல் நாள் காலை அவருடைய தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. அது தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடி, அவரை முழங்கால் தண்ணீரில் குப்புற விழ வைத்தது. தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ஒருவழியாகக் கரைக்கு இழுத்துப் போட்டார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பிடித்த மீனைத் துடிக்க விடக் கூடாது, கட்டையால் தலையில் ஓர் அடி, அதோடு முடிந்தது. அவர் கட்டையை வாங்கி அடித்தார், மீன் அடங்கிவிட்டது. மறுபடி அடித்தார். கண் பிதுங்கி வெளியே வந்தது, செதில் தெறித்து அவர் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது, தலை கூழாகி மணலோடு கலந்தது, அப்புறமும் கட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. அப்பா எழுந்து போய், “போதும் மாப்பிள்ளை, அது செத்து நேரமாச்சு, இனி அடிச்சா கரைக்குத்தான் வலிக்கும்” என்றார். அவர் மூச்சு வாங்கியபடியே, “என்னை எப்படி அலைய விட்டுச்சு பாத்தீங்கல்ல மாமா, அதுக்குத்தான்” என்று சிரித்தார். திரும்பிப் பார்த்தால் வாலு அங்கே இல்லை, கூடாரத்துக்குள் போய் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் திருத்துவதற்காக அதட்டும் ஆசிரியர் உண்டு, தன் கோபம் தீருவதற்காக அதட்டும் ஆசிரியரும் உண்டு. பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தபடி, சுவர் வழியாக வரும் சத்தத்தை வைத்தே எது எந்த வகை என்று என்னால் சொல்லிவிட முடியும். முதல் வகை, பிள்ளைக்குப் புரிந்ததும் நின்றுவிடும். இரண்டாவது வகை நிற்பது பிள்ளையின் கையில் இல்லை. அன்றைக்கு மணலில் கேட்டது இரண்டாவது சத்தம்.

அடுத்த நாள் புதையல் தேடல். திருடன் விளையாட்டை ஆரம்பித்ததே நீதான், மறந்திருக்க மாட்டாய். நான் பிஸ்கட் டப்பாவை எங்கேயாவது புதைத்துவிட்டு மரங்களில் குறிப்புச் சீட்டுகளைக் கட்டிவிடுவேன், ஆளுக்கொரு பக்கமாகத் தேட வேண்டும், திருடன் மட்டும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பதுங்கியிருந்து, டப்பாவை எடுப்பவர்மேல் பாய்ந்து பறிக்கப் பார்ப்பான், உருண்டு புரண்டு கடைசியில் டப்பா யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடையாது. வெளியாட்கள் கேட்டால் பைத்தியக்காரக் குடும்பம் என்பார்கள். அதனால்தான் காலையில் டீ குடிக்கும்போதே சின்ன மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் விளக்கினோம். தம்பி துண்டைக் கட்டிக்கொண்டு அப்பாமேல் பாய்ந்து நடித்தே காட்டினான், அப்பாவின் டீ போயிற்று. சின்ன மாப்பிள்ளை, “அப்போ திருடனைத் திருப்பி அடிக்கலாமா?” என்று கேட்டார். “தாராளமா அடிங்க அத்தான். ஆனா கிச்சுகிச்சு மூட்டினாத்தான் இந்தத் திருடன் விடுவான்” என்றான் தம்பி. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். அவருக்குத் தெரியும்.

நான்தான் நடுவர், அதனால் டப்பாவைப் புதைத்த இடத்துக்கு மேலே, புதருக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர் அவர்தான். கூடாரத்துக்குப் பள்ளம் வெட்டும் சின்ன மண்வெட்டியால் தோண்டி டப்பாவை எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை, பள்ளிப் பிள்ளை பரிசு வாங்கியதுபோல. எனக்கே சந்தோஷமாக இருந்தது. உடனே தம்பி துண்டும் கூச்சலுமாகப் பாய்ந்து டப்பாவைத் தட்டிவிட்டான். டப்பா உருண்டு ஓடியது, இவர் பின்பக்கமாக விழுந்தார், தம்பி சிரித்துக்கொண்டே டப்பாவை எடுக்கக் குனிந்தான். எழுந்தவர் மண்வெட்டியால் அவன் தோளில் அடித்தார். சரி, திடுக்கிட்டு அடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தம்பி மல்லாக்க விழுந்தான், துண்டு அவிழ்ந்து கழுத்துக்கு வந்துவிட்டது. “அத்தான், நான்தான், நான்தான்” என்றான், இன்னும் பாதிச் சிரிப்போடு. அவர் நின்றார். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் பார்த்தார். அப்புறம் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி அவன் தாடையில் இறக்கினார். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். தம்பி கையால் முகத்தை மறைத்தான், கையின்மேல் ஓர் அடி விழுந்தது, விரல் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. வாயிலிருந்து ரத்தமும் பல்லும் சேர்ந்து வந்தன. “சிரிடா, இப்போ சிரி” என்றார், சத்தமே போடாமல், காதோடு பேசுகிற மாதிரி. நான் பாறையிலிருந்து கத்திக்கொண்டே சறுக்கி இறங்கினேன். என்னைப் பார்த்த பிறகுதான், பெரியவளே, என்னைப் பார்த்த பிறகுதான் அந்த முகம் மாறியது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டியிட்டு, “ஐயோ அத்தை, நிஜத் திருடன்னு நினைச்சுட்டேன், என்ன காரியம் பண்ணிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பாவும் வாலுவும் ஓடி வந்தபோது அவர்கள் கண்டது அந்த அழுகையைத்தான். மழை மறைவுப் பிரதேசம் என்று வருடா வருடம் பாடம் எடுத்தேனே, ஒரே மலைதான், ஒரு பக்கம் வெள்ளம் புரளும், மறுபக்கம் நிற்பவனுக்கு ஒரு தூறல்கூடத் தெரியாது. அப்பா மறுபக்கத்திலிருந்து வந்தார்.

கூடாரத் துணியைத் துடுப்புகளில் கட்டித் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். முன்பக்கம் அப்பா, பின்பக்கம் அவர். ரத்தம் தொண்டையில் இறங்காமல் இருக்க நான் பிள்ளையின் தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டே நடந்தேன். வழிநெடுக அவர் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார், வண்டி தெரியும்போது அப்பா அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்குத் தம்பி கிழிந்த வாயால் பாறை, வழுக்கி என்று முனகினான். சின்னக்காவின் வாழ்க்கையாம். நான் பேச வாயெடுத்தேன். வாலு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தாள் என்றா சொல்வது, நகம் சதையில் இறங்கியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, வராந்தாக் கோடியில் நின்றுகொண்டிருந்த அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தை வகுப்பில் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன், பரீட்சைப் பயம், அப்பா வருவார் என்ற பயம். இது வேறு. பழகிப்போன பயம்.

அவர் கடையைத் திறக்க ஊருக்குப் போனார், தம்பியைப் பார்த்துக்கொள்ள வாலு எங்களோடு தங்கினாள். ஒரு மத்தியானம் கூடாரத் துணியில் இருந்த ரத்தக் கறையைத் தேய்த்து அலசிக்கொண்டிருந்தோம், தொட்டித் தண்ணீர் சிவந்து சிவந்து போய்க்கொண்டிருந்தது. அப்போது அவளிடம் சொன்னேன், தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னேன், துண்டு விழுந்ததையும் அவர் நின்று முகத்தைப் பார்த்ததையும் அதற்குப் பிறகு அடித்ததையும். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “துண்டு விழுந்த பிறகும் அடிச்சாராம்மா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். துணியைப் பிழிந்துவிட்டு, “என் முகத்துல ஒரு நாளும் துண்டு கிடையாதேம்மா” என்றாள். அப்புறம் ஈரக் கையோடு சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பினாள். இத்தனை வருடம் நிலப்படத்தில் கோலை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன், பச்சை சமவெளி, மஞ்சள் மேட்டுநிலம், பழுப்பு மலை, நீலம் ஆழம் என்று. எல்லா நிறமும் என் மகளின் முதுகில் இருந்தது. பழையது மஞ்சள், அடுத்தது பச்சை, புதியது கருநீலம். ஏரிக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள் இரவு பட்டது அது. அவர் எங்களோடு வந்ததே அவள் வாய் திறந்துவிடாமல் காவல் காக்கத்தான். இனிமேல் அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அவளை அனுப்ப முடியாது என்று அப்பா போனில் சொன்னார். அவன் நல்லவிதமாகத்தான் கேட்டுக்கொண்டான், சரி மாமா, ஓய்வு எடுக்கட்டும் என்றான். மறுநாளே வந்து கதவை உதைத்தான். தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து கூடத்தில் விழுந்தது. லாரி ஓட்டிய கை என்ற நம்பிக்கையில் அப்பா குறுக்கே போனார், கையைப் பின்னால் முறுக்கிச் சுவரில் மோதினான், தோள் கழன்ற சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது. தம்பி கட்டுப் போட்ட வாயோடு எழுந்து வந்து அவன் இடுப்பைப் பிடிக்க, உடைந்த விரலைத் தேடிப் பிடித்து நசுக்கினான். வாலுவின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு நடைவழியாகத் தரதரவென்று இழுத்துப் போனான். அவள் தலை நிலைக்காலில் இடித்தது. அவள் கத்தவே இல்லை, “வரேன், வரேன், அவங்களை விட்டுடுங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். அந்த மெதுவான குரல்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடையில் துடுப்புகளைக் காய வைத்திருந்தோம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை பிரம்பைத் தொடாத உன் அம்மா, துடுப்பை எடுத்து அவன் பிடரிக்குக் கீழே ஓங்கி அடித்தேன். முகம் குப்புற விழுந்து மூக்குடைந்து, புரண்டு படுத்தான். துடுப்பு மறுபடி என் தலைக்கு மேலே போய்விட்டது. இன்னொன்று போடு என்று கை துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். அவன் என்னைப் பார்த்தான். நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். துடுப்பைக் கீழே இறக்கினேன்.

அதற்குள் எதிர்வீட்டு மெக்கானிக் கையில் ஸ்பானரோடு வந்துவிட்டார். வந்து ஒரு பார்வை பார்த்தார், “டீச்சர், இதைக் கழட்டி மாட்டணுமா, இல்ல நேரா பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?” என்று கேட்டுவிட்டு, அவன் கால்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவன் அந்த நிலைமையிலும், எல்லாம் தவறான புரிதல், அன்றைக்கு ஆள் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று தொடங்கினான். “ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க சார், மச்சான் மூஞ்சி மட்டும் மங்கலாத் தெரிஞ்சுதா?” என்றார் மெக்கானிக். போலீஸ் வந்தது. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். வழுக்கி விழுந்தது பொய்தானே என்று பெண் இன்ஸ்பெக்டர் கேட்டதும் தம்பி வாலுவைப் பார்த்தான், அவள் தலையை ஆட்டினாள், பிறகு அவனும் ஆட்டினான். வழக்குப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

இப்போதுதான் நிஜமான கஷ்டம். அவன் அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறான், அழுகிறான், நீயில்லாமல் செத்துவிடுவேன் என்கிறான். எண்ணைத் தடுத்துவிடு என்றால் சரி என்கிறாள், செய்வதில்லை. போன வாரம் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அப்பா கட்டுப் போட்ட கையோடு படியில் குறுக்கே உட்கார்ந்து, “என்னைத் தாண்டிப் போறதுன்னா போம்மா” என்றார். நின்றுகொண்டே இருந்தாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்காக அவளை முட்டாள் என்று நினைக்காதே. ஆற்றைப் பார்த்திருக்கிறாய், வெள்ளம் வடிந்ததும் பழைய தடத்துக்குத்தான் போகும், அறிவில்லாமல் இல்லை, பள்ளம் அங்கே இருக்கிறது. கொஞ்ச காலம் கரை கட்டி நிறுத்தினால் வேறு வழியை அறுத்துக்கொள்ளும். அந்தக் கரை உன் வீடு என்று நாங்களும் அவளும் பேசி முடிவு செய்திருக்கிறோம். சரி, அக்காவிடம் போகிறேன் என்று அவளே வாயால் சொன்னாள். ரயில் வரும் நேரத்தை மட்டும் உனக்குப் போனில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே, அந்தக் கேள்வி அடிக்குமேல் அடி. அவனை அவள் முன்னால் திட்டாதே, திட்டினால் அவள் அவனுக்காகப் பேச ஆரம்பித்துவிடுவாள். அவன் உனக்குப் போன் செய்தால் அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லாதே, அவளுக்குப் பேச விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு வை, வாக்குவாதம் வேண்டாம். சித்தி வந்த சந்தோஷத்தில் பேத்தி பின்னாலிருந்து ஓடி வந்து கட்டிப்பிடிக்கப் பார்ப்பாள், முன்னால் வந்து கூப்பிடச் சொல்லிக் கொடு. முதுகுக்கு டாக்டர் கொடுத்த களிம்பு பையின் பக்கவாட்டு அறையில் இருக்கிறது, அவளாகப் பூசிக்கொள்ள எட்டாது. உங்கள் ஊர் ஆற்றில் மீன் கிடைக்கும் என்று பெரிய மாப்பிள்ளை சொன்னாரே, அவளாகக் கேட்டால் அழைத்துப் போ, நீயாகக் கூப்பிடாதே. இதைப் படித்து முடித்ததும், என்ன வேலையாக இருந்தாலும், எனக்குப் போன் செய்து வந்துவிட்டாள் என்ற ஒரு வார்த்தை சொல். அதற்குமேல் அன்றைக்கு எதுவும் கேட்க மாட்டேன்.

வாலு, உறையை ஒட்டித்தான் கொடுத்தேன். ஆனால் யாருக்குக் கட்டிய குறிப்பாக இருந்தாலும் பிரித்துப் படிக்காமல் நீ காட்டுக்குள் கால் வைத்ததில்லை என்று எனக்குத் தெரியாதா. ரயிலில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் ஒன்று மட்டும் கேள் கண்ணு. வண்டி நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றும். பாவம் அவர் என்று தோன்றும். தோன்றட்டும், அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. எழுந்திருக்காமல் உட்கார்ந்திரு. கடைசி ஊரில் இறங்கு, அக்கா நிற்பாள்.

உங்கள் எல்லோர் தலைமேலும் என் கை இருக்கிறது.

அன்புடன்,
அம்மா